ஒழிஞ்சுபோச்சுக்காரர்

மருந்து போட்ட மூன்றாம் நாள்தான் அவர் அறிவிப்பார். இரண்டாம் நாளே சொன்னால் அவசரக்காரர் என்று பெயராகிவிடும். ஐந்தாம் நாள் வரை பொறுத்தால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மூன்றாம் நாள் காலை, டீக்கடை பெஞ்சில், பாதி கிளாஸ் உள்ளே இறங்கியதும் தொண்டையைச் செருமிக்கொள்வார். “தெள்ளு ஒழிஞ்சுபோச்சுங்க. வேரோட ஒழிஞ்சுபோச்சு.” சொல்லும்போதே வலது கால் பெருவிரல் இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும். கையால் சொறிந்தால் நாலு பேர் கண்ணில் படும். கால் அரிப்பைக் காலே பார்த்துக்கொண்டால் பேச்சு தடைபடாது. பாலக்கோட்டிலும் இவர் உண்டு, பென்னாகரத்திலும் உண்டு, அரூரிலும் உண்டு. நாயும் பூனையும் நாலு வெள்ளாடும் ஒரே வாசலில் புழங்குகிற வீடு தர்மபுரி மாவட்டத்தில் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் உண்டு. நாய்க்குப் பெயர் மணி.

அறிவிப்பு ஒரு தடவையோடு நின்றால் யாரும் இவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. தை மாதம் வேப்பெண்ணெயால் ஒழிந்தது. மாசியில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியதில் ஒழிந்தது. பங்குனியில் பினாயில் தண்ணீர், சித்திரையில் மருந்துக்கடைப் பையன் கொடுத்த பேன் ஷாம்பு, வைகாசியில் நொச்சித்தழைப் புகை. ஒவ்வொரு முறையும் வேரோடுதான். இத்தனை வேர் ஒரு பூச்சிக்கு எப்படி என்று கேட்கிற துணிச்சல் ஊரில் யாருக்கும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் சொல்வார். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்வார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவே போட்டுவிடுவார். அந்தப் பதிவைக் கூர்ந்து கேட்டால், மணி பின்னங்காலால் காதைச் சொறிய, கால் தரையில் மோதும் டப் டப் சத்தம் பின்னணியில் ஒரே தாளமாக விழுந்துகொண்டிருக்கும். இதோடு விட்டாலும் பரவாயில்லை. மூன்று நாள் அனுபவத்தை முப்பது வருஷ அனுபவம் போல மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். அவர் பேச்சைக் கேட்டு யாராவது வேப்பெண்ணெய் வாங்கி நாயின் மேலும் தன் வேட்டியின் மேலும் சரிபாதியாகத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றால், அதற்குள் இவர் அடுத்த மருந்துக்குப் போயிருப்பார். “வேப்பெண்ணெயா போட்டீங்க? அது வேலைக்கு ஆகாதுங்களே!” என்று அனுதாபப்படுவார். போன மாதம் அதைச் சொன்னவர் யாரோ என்பது போன்ற அனுதாபம் அது. தோற்றதாக மட்டும் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். பழைய தெள்ளு ஒழிந்தது ஒழிந்ததுதான். இப்போது இருப்பது வேறு தெள்ளு, புதிதாக வந்தது. தெருநாய் கொண்டுவந்தது, பக்கத்து வீட்டுப் பூனை கொண்டுவந்தது, வைக்கோல் வண்டியில் வந்தது, மழையில் வந்தது, லீவுக்கு பெங்களூரிலிருந்து வந்த மச்சினன் பையில் வந்தது. மச்சினன் வீட்டில் நாய் கிடையாது என்பதைச் சொல்லிப் பயனில்லை.

இவரைப் பொய்யர் என்று சொல்லிவிடுவது சுலபம். மருந்து எல்லாம் போலி என்று சொல்வது அதைவிடச் சுலபம். இரண்டும் தவறு என்பது என் கட்சி. மூன்றாம் நாள் அவர் பார்த்ததென்னவோ உண்மை. நாய் மேல் ஓடிக்கொண்டிருந்த தெள்ளில் பெரும்பகுதி செத்திருக்கும், மணி ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கும். பிசகு அவருடைய கணக்கில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தெள்ளை எண்ணினார். தெரியாததைச் சைபர் என்று போட்டுக்கொண்டார். ஒரு வீட்டில் தெள்ளு பெருகிக் கிடக்கும்போது, நாயின் உடம்பில் குதித்துத் திரிகிற பெரிய பூச்சி மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான் இருக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. மிச்சம் தொண்ணூற்றைந்தும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுக்குள் உறங்குவதாகவும் வீட்டில் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு முதல் வாய் ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பிக்கிறது. நாளொன்றுக்கு 40, 50 வரைகூட இடும். முட்டை வழவழப்பானது, பொடி உப்பு மாதிரி இருக்கும். பேன் முட்டை போல மயிரில் ஒட்டிக்கொள்ளாது. மணி எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினால் அது படுத்த இடமெல்லாம் விதைத்த மாதிரி விழும். கூடவே தாய்ப்பூச்சியின் எச்சமும் விழும். அது காய்ந்த ரத்தம். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும்போது கட்டுச்சோறும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிற தாய்! அந்தப் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கட்டிலடி, ராகி மூட்டை இடுக்கு, சிமெண்டுத் தரையின் வெடிப்பு, திண்ணையில் விரித்த கோணியின் மடிப்பு, ஆட்டுக் கொட்டாயின் மூலை என்று இருட்டைத் தேடிப் போய்விடும். நம்மவர் மருந்து போட்டது நாய்க்கு. தெள்ளோ வீட்டின் வியாதி. காய்ச்சல்காரனை விட்டுவிட்டு அவன் போர்வைக்கு ஊசி போட்ட கதைதான்.

மூன்றாம் நாள் ஏன் அமைதியாக இருந்தது, பத்தாம் நாள் ஏன் திரும்ப வந்தது என்பதற்கு வேறு தெள்ளும் வேண்டாம், மச்சினனும் வேண்டாம். கூடு ஒன்றே போதும். புழு முற்றியதும் தன்னைச் சுற்றிப் பட்டுநூல் கூடு கட்டிக்கொள்கிறது. அந்த நூல் பிசுபிசுப்பானது. மண்ணும் தூசும் ஒட்டிக்கொண்டு அதைத் தரையோடு தரையாக்கிவிடும். தெளிக்கிற மருந்து எதுவும் அதற்குள் சரியாக இறங்குவதில்லை. உள்ளே பூச்சி முழுதாக வளர்ந்த பிறகும் வெளியே வர அவசரப்படாது. கதகதப்பும், மூச்சுக்காற்றும், காலடி அதிர்வும் கிடைத்தால்தான் கூட்டைப் பிளந்துகொண்டு பாயும். கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆடிப்பெருக்குக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு, மணியைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, ஒகேனக்கல்லில் முழுக்குப் போட்டு, அப்படியே சொந்தபந்தம் நாலு வீடு பார்த்துப் பத்து நாள் கழித்துத் திரும்புகிற குடும்பத்துக்கு என்ன நடக்கிறதென்று யோசித்துப் பாருங்கள். பத்து நாளாக ஆளில்லாத வீட்டில் முற்றின கூடுகள் எல்லாம் ஒரு காலடிக்காகக் காத்துக் கிடக்கின்றன. கதவைத் திறந்து உள்ளே வைத்த முதல் கால் நம்மவருடையது. முழங்கால் வரைக்கும் எள் தூவின மாதிரி ஏறும். நாயே வீட்டில் இல்லாதபோது தெள்ளு எப்படி வந்தது என்று அவர் திகைப்பார். செய்வினையோ என்றுகூடச் சந்தேகம் வரும். அப்போதும் “புதுசா வந்திருக்குது” என்பார். அவருடைய பழைய தெள்ளின் பிள்ளைகள்தான் அவை, அவர் பங்குனியில் ‘வேரோடு ஒழித்த’ அதே வம்சம். மருந்து சரியாக இருந்து, வீடும் சுத்தமாகிக்கொண்டிருந்தாலே இந்தக் கூடுகள் ஒவ்வொன்றாக வெடித்துத் தீர இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்று நாள் எங்கே, மூன்று மாதம் எங்கே!

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் வரும், அவரே கிளப்புவார். “அந்தக் காலத்துல எங்க பாட்டி என்ன மாத்திரையா போட்டாங்க? சாணி மெழுகியே தெள்ளை ஒழிச்சாங்க.” பாட்டி ஒழித்தாளா என்பது இருக்கட்டும், பாட்டி என்ன செய்தாள் என்று பார்க்கலாம். வாரம் தவறாமல் தரையைக் கூட்டிப் பெருக்கி, வெடிப்புகளை அடைத்து மெழுகினாள். பாய் தலையணையை வெயிலில் போட்டாள். நாயை நடுவீட்டுக்குள் விடவில்லை. தெள்ளின் முட்டையும் புழுவும் கொளுத்துகிற வெயிலைத் தாங்காதவை. ஈரப்பதம் பாதிக்குக் கீழே போனால் புழு வற்றிச் செத்துவிடும். சித்திரை வெயிலில் தர்மபுரி வாசலில் விழுந்த முட்டை பிழைப்பது கடினம், கட்டிலடி நிழலில் விழுந்தது சுகமாகப் பிழைக்கும். ஆக, பாட்டியின் மருந்தில் சாணியைவிட ‘வாரம் தவறாமல்’ என்ற பகுதிக்கே வீரியம் அதிகம். பேரன் சாணியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வாரத்தை மறந்துவிட்டார். அந்தக் காலத்தைத் தெள்ளில்லாத பொற்காலமாக நினைப்பதும் சரியில்லை. பம்பாயில் 1896இல் வந்திறங்கிய பிளேக் 1898இல் பெங்களூரை அடைந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரம்தான் ஓசூர். அது அன்றைக்குச் சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி பிரிந்தபோது இந்தப் பக்கம் வந்து, 2004இல் கிருஷ்ணகிரியோடு போனது. பிளேக்கை மனிதனுக்குக் கொண்டுவருவது எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுதான் என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்ததும் அதே 1898இல், அன்றைய இந்தியாவின் கராச்சியில். தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் முட்டிக்கொள்கிற இந்த மூலை வெகுகாலம் பிளேக் கண்காணிப்பில் இருந்த பூமி. பயப்பட வேண்டாம், எலித்தெள்ளு வேறு, மணியின் மேல் இருப்பது வேறு சாதி. ஆனால் பாட்டி காலத்தில் தெள்ளு இல்லை என்று மட்டும் யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: காசு. ஒரு முறை தின்றால் 12 வாரம் தாங்குகிற மெல்லும் மாத்திரை வந்திருக்கிறது, கழுத்துப் பிடரியில் சொட்டுவிடுகிற மருந்து இருக்கிறது. விலையைக் கேட்டால் ஆட்டுக்குட்டி விலை ஞாபகம் வரும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இதை வாங்கு என்று சொல்ல வாய் கூசத்தான் செய்கிறது. ஆனால் நம்மவர் கூலிக்காரர் அல்ல. தையிலிருந்து வைகாசி வரை வாங்கின எண்ணெய், பினாயில், ஷாம்பு, பவுடர் எல்லாவற்றையும் கூட்டினால் என்ன ஆகும் என்று அவர் வீட்டம்மாவைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அதோடு, இந்தச் சண்டையில் பாதிக்கு மேல் காசே இல்லாத வேலை. மணி படுக்கிற கோணியை வாரம் ஒரு முறை கொதிக்கிற தண்ணீரில் முக்கி வெயிலில் காயப்போடுவது, கட்டிலை நகர்த்திப் பெருக்குவது, குப்பையை மூலையில் குவிக்காமல் அன்றைக்கே கொளுத்துவது, ராத்திரி தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து மேலே சின்ன விளக்கைத் தொங்கவிடுவது. வெளிச்சத்துக்குப் பாயும் தெள்ளு தண்ணீரில் விழும், சோப்பு இருப்பதால் மிதக்க முடியாமல் மூழ்கும். ஓங்கிப் பெருக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. துடைப்பத்தின் அதிர்வு கூட்டைத் தட்டி எழுப்பிவிடும். வெளியே வந்துவிட்டால் மருந்துக்கு அகப்படும். நாய்க்கும் பூனைக்கும் ஆட்டுக் கொட்டாய்க்கும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டும் என்பதும் காசைவிடக் கவனத்தைப் பொறுத்தது. நாய்த்தெள்ளு வெள்ளாட்டின் ரத்தத்தையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ‘என்ன போட்டாலும் தெருநாய் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுமே’ என்கிற சலிப்புக்கும் பதில் இருக்கிறது. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் நாயின் மேல் ஏறுகிற தெள்ளு முட்டையிடுவதற்குள் செத்துப்போகும். அப்போது மணியே நடமாடும் துடைப்பம், வீடெல்லாம் சுற்றிச் சுற்றி மிச்ச தெள்ளைத் தன் மேல் ஏற்றிக் கொன்றுகொண்டிருக்கும். அதனால்தான் வெறுத்துப்போய் நாயைக் கொல்லையில் கட்டிப்போடுவது தப்பு என்கிறேன். கட்டிப்போட்ட துடைப்பம் பெருக்காது.

இதில் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன வெந்நீர், வெயில், துடைப்பம் அத்தனையும் ஒழிஞ்சுபோச்சுக்காரர் வீட்டில் நடக்காமல் இல்லை. நடக்கிறது, வீட்டுக்காரம்மா செய்கிறார். டீக்கடையில் அறிவிக்கப்படுவது பவுடர் மட்டும்தான்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிச் சொல்வதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எல்லாம் ‘ஒழிந்து’ எல்லாம் திரும்பி வந்த பிறகு, இவருக்கு ஒரு கட்டத்தில் கோபம் வரும். தக்காளிச் செடிக்கு அடிக்க வைத்திருந்த மருந்தை மூடியளவு தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றுவார். “செடியில இருக்கிற பூச்சியே சாகுது, இது சாகாதா?” சாகும், நாயும் சேர்ந்து சாகும். தன்னை நக்கிக்கொண்ட நாய்க்கு எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் காலம் கடந்துவிடலாம். நாய்க்கென்று விற்கிற மருந்தையே பூனைக்குப் போடுவார். பெர்மெத்ரின் என்று சீட்டில் அச்சிட்டிருப்பதை யார் படிக்கிறார்கள்? நாய் தாங்குகிற அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் உடைத்துத் தள்ள முடியாது. கொஞ்சம் போதும், பூனை போய்விடும். எடை பார்க்காமல் பெரிய நாயின் அளவைக் குட்டிக்குக் கொடுப்பார். ஒன்றுமே செய்யாமல் விட்டாலோ, தெள்ளு மொய்த்த குட்டி ரத்தம் வற்றி, ஈறு வெளுத்து, ஒரு காலையில் எழுந்திருக்காது. “குட்டி தங்கலைங்க” என்று முடித்துவிடுவார். கடைசியாக ஒரு நாள், வண்டியின் முன்னால் மணியை உட்கார வைத்துக்கொண்டு தொப்பூர் கணவாய்ப் பக்கமோ காட்டோரமோ போய் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வருவார். தின்ன வழியில்லாத இடத்தில் வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். சட்டம் செய்யாததைத் தெள்ளு செய்துவிடும். நாய் இருந்த வரைக்கும் கூட்டிலிருந்து வந்ததெல்லாம் நாய் மேல் ஏறியது. இப்போது வீட்டிலுள்ள ஒரே சூடு இவர் கால்தான். மணி போன மூன்றாம் நாள் அவர் வாய் திறப்பதில்லை. சொறியக் கைகள் இரண்டும் போதாமல் இருக்கும்.

எல்லோரும் அந்தக் கடைசி வரைக்கும் போவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ஒழிஞ்சுபோச்சுக்காரர்கள் கோபம் தணிந்ததும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, மணியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, பேன் சீப்பை எடுத்துக்கொள்வார்கள். காதுக்குப் பின்னால், வால் அடியில், தொடை இடுக்கில் வாரி வாரி, சீப்பில் சிக்கியதைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டுவார்கள். கறுப்புத் துகளாக விழுவதை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தால் துரு நிறத்தில் கசியும். அழுக்கானால் கசியாது, தெள்ளின் எச்சமானால் கசியும். மணி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம், பேச்சில்லை. தெள்ளைக் குறைக்க அவர் தம் கையால் செய்கிறவற்றில் இதைப் போலக் கெடுதலே இல்லாமல் பலிப்பது வேறொன்றில்லை. இதை மருந்துக் கணக்கில் அவர் சேர்ப்பதில்லை, டீக்கடையில் சொல்வதுமில்லை. ஏதோ நாயைக் கொஞ்சிக்கொண்டிருந்ததாக நினைத்துக்கொள்கிறார். தினமும் அரை மணி, மூன்று மாதம் விடாமல் வாரினால் பாதிப் பகையை அந்தச் சீப்பே தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால், “சீப்புலயா? விளையாடாதீங்க” என்பார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் உங்களிடம் வந்து “ஒழிஞ்சுபோச்சுங்க” என்று சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம், சந்தோஷம் என்று சொல்லுங்கள். மருந்து என்றைக்குப் போட்டார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகவில்லையென்றால், அவர் வீட்டில் எவ்வளவு வற்புறுத்தினாலும் நின்றபடியே காப்பி குடியுங்கள்.